கொம்பு கேட்கும் தூரம்

ருஷாகா மலைக்காட்டுக்குக் கொரில்லா பார்க்க வருகிறவர்களுக்கு எல்லா ஏற்பாடும் செய்து கொடுப்பது ஒரிஷாபாவின் தொழில். அதில் பாதி வேலை, பாதி கவலை. மனிதனின் சளி கொரில்லாவுக்கு எமன் என்பதால் இருமுகிறவரை வனக்காவலர்கள் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே வந்து இறங்கும் விருந்தாளி மூக்கை உறிஞ்சினாலே இவள் இஞ்சித் தேநீரோடு ஓடுவாள். மழை வலுத்தால் சாலை சரியும். எல்லாம் சரியாக அமைந்தாலும் கொரில்லாக் கூட்டம் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த மலைக்குப் போய்விடலாம். எதற்கெடுத்தாலும் "நாளைக்கு என்ன ஆகுமோ" என்பாள். ஊரில் அவளுக்கு நாளைக்காரி என்று பெயர்.

ஆகஸ்டு மாதம் ஜின்ஜா நகரிலிருந்து நபிர்யே என்ற அம்மாள் விருந்தாளியாக வந்தபோது அந்தக் கவலைகளோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நபிர்யேயின் இரண்டு முழங்கால்களும் மடங்காது. உடம்பும் கனம். அவளுடைய கணவர் உயிரோடு இருந்தவரை சுற்றுலா வண்டி ஓட்டியவர். வாரம் தவறாமல் இந்த மலைக்கு வந்து போய், கொரில்லாவின் கைநகம் நம் நகம் போலவே இருக்கும் என்று வீட்டில் சொல்வாராம். பொய் சொல்லாதே என்று இவள் சண்டை போடுவாளாம். முப்பது வருடச் சண்டை. அவர் போன பிறகு அதைத் தீர்த்துவைக்க ஆள் இல்லாமல் போனது. பிள்ளைகள் சேர்ந்து அம்மாவுக்குக் கொரில்லா பார்க்க ஒரு நாள் அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு நாள் தவறினால் அவ்வளவுதான்.

நடக்க முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போகும் வழக்கம் எங்களிடம் உண்டு. அதை வேடிக்கையாக ஹெலிகாப்டர் என்போம். ஆனால் டோலி விருந்தாளிகளுக்காக வந்ததல்ல. வண்டி ஏறாத மலைகளில் நோயாளியையும் பிள்ளைத்தாச்சியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒவ்வொரு மலைக்கும் ஒரு டோலிச் சங்கம் இருக்கிறது. கொம்பு ஊதினால் கையில் இருக்கிற மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு வரவேண்டும். வராத வீட்டில் நாளைக்குச் சாவு விழுந்தாலும் தோள் கொடுக்க ஆள் வராது. எங்கள் மலைச் சங்கத்தின் தலைவன் கக்குரு. விருந்தாளிகளைத் தூக்குவது சங்கத்துக்கு உபரி வேலை. டோலி ஒன்றுதான், ஆட்களும் அதே ஆட்கள்தான். ஒரிஷாபாவின் வீடும் அதே சங்கத்தில் இருக்கிறது.

கக்குருவிடம் அவள் முன்கூட்டியே பேசிவைத்திருந்தாள். பக்கத்து மலையில் மேயும் கொரில்லாக் கூட்டத்தையே ஒதுக்கும்படி வனக்காவலர்களிடம் கேட்டிருந்தாள். நபிர்யே வந்த அன்று சாயங்காலம் தும்மல் இல்லை, மழை இல்லை. எல்லாம் அமைந்துவிட்டதே என்பதே ஒரிஷாபாவுக்குப் பயமாக இருந்தது.

அப்போது தண்ணீர்க்குழாயடியில் ஒரு பெண் போகிறபோக்கில் சொன்னாள், மேல்மலை அதுஹைரேவுக்கு இடுப்பு வலி கண்டிருக்கிறதென்று.

ஒரிஷாபாவின் குடம் நிரம்பி வழிந்தது. அதுஹைரே மேல்மலையில் அவளுக்குப் பக்கத்து வீடு. உருளைக்கிழங்கு வயலின் வேலியை யார் தள்ளி நட்டது என்ற தகராறில் போன அறுவடையிலிருந்து இருவரும் பேசுவதில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் அவள் பார்ப்பதே இல்லை. விருந்தாளியின் செருப்பளவுவரை விசாரித்தவள், நாலடி தூரத்தில் வளர்ந்துகொண்டிருந்த வயிற்றைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தாள்.

அதுஹைரேவுக்கு முதல் பிள்ளையே அறுத்துத்தான் எடுத்தது. இதுவும் ஆஸ்பத்திரிதான். எந்நேரமும் கொம்பு ஊதலாம்.

காலையில் விருந்தாளியை ஏற்றிவிடக் கீழே வந்துவிட்டாள். காது மேல்மலையிலேயே இருந்தது. சேவல் கூவினாலும் திடுக்கிட்டாள். நபிர்யேயோ டோலியில் ஏறி உட்கார்ந்து, தூக்க வந்தவர்களை ஒவ்வொருவராக எடைபோட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் பேர் என்னப்பா?"

"கக்குரு, அம்மா."

"கக்குருன்னா உங்க பக்கம் ரெட்டைல மூத்தவன்தானே? எங்க ஊர்ல ரெட்டை பெத்தவளுக்குத்தான் நபிர்யேன்னு பேரு. அப்போ நான் உனக்கு அம்மா முறை. கீழ போட்டுடாதே."

"அம்மாவைப் போடமாட்டோம். ஆனா அம்மா காலைல எவ்ளோ களி சாப்பிட்டீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரிஷாபா சிரிக்கவில்லை. டோலி மெதுவாகத்தான் போகும், மற்ற விருந்தாளிகளுக்கு முன்னால் நாங்கள் கிளம்புகிறோம் என்று காவலரிடம் கேட்டு அனுமதி வாங்கினாள். காரணம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மைக் காரணம் வேறு. காட்டுக்குள் நுழைந்து சிறிது தூரத்தில் ஓர் ஓடை பாறைமேல் விழுந்து இரைந்துகொண்டு ஓடும். அதைத் தாண்டிவிட்டால் ஊரில் எது ஊதினாலும் கேட்காது. அலைபேசியும் அங்கே எடுக்காது. பக்கத்து மலைக்காரர்களிடமும் டோலி இருக்கிறது, அவர்கள் வந்து தூக்கமாட்டார்களா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர்கள் வந்துசேர மத்தியானம் ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஒரு துப்பாக்கிக் காவலர் முன்னால் போனார். ஒரிஷாபா கடைசியாக நடந்தாள். தோள் மாற்றுவதற்காக நின்றபோதெல்லாம் அவசரப்படுத்தினாள்.

கக்குரு திரும்பிப் பார்த்தான். "என்னக்கா, கொரில்லாவுக்கு ரயிலைப் பிடிக்கணுமா?"

"மழை வந்துடும்."

"வானம் கழுவிவெச்ச மாதிரி இருக்கு."

ஓடையின் இரைச்சல் லேசாகக் கேட்கத் தொடங்கியது. இன்னும் ஒரே ஒரு வளைவு. அப்போதுதான் அவள் முதுகுக்குப் பின்னால், எங்கோ மேலே, கொம்பு ஊதியது.

முன்னால் இருந்தவர்கள் யாருக்கும் அது எட்டவில்லை. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனார்கள். விடிந்ததிலிருந்து அதற்காகவே காது கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். கேட்காத மாதிரி சில அடி நடந்தாள். இரைச்சல் பெரிதானது. டோலி வளைவில் திரும்பியது. நபிர்யே உள்ளிருந்தபடி தன் கணவரின் நகக் கதையை ஆள்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"கக்குரு, நில்லு. கொம்பு ஊதுது."

எல்லோரும் நின்றார்கள். ஓடை இரைந்தது. கக்குரு நாலடி பின்னால் வந்து காதைக் கொடுத்தான். மறுபடி ஊதியது.

"யாருக்கு?"

"அதுஹைரேவுக்கு. நேத்தே வலி."

நேற்றே தெரியுமா என்று அவன் கேட்கவில்லை. ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலைகுனிந்தாள்.

இனி விருந்தாளியிடம் சொல்லவேண்டும். அம்மா, என்று தொடங்கினாள். நபிர்யே அதற்குள் டோலியின் விளிம்பைப் பிடித்து ஒரு காலை வெளியே நீட்டிவிட்டிருந்தாள்.

"பிரசவமா?"

"ஆமாம்மா. டோலி ஒண்ணுதான் இருக்கு."

"அப்புறம் என்ன பேச்சு? என்னை இறக்குங்கடா. மெதுவா. முட்டி, முட்டி."

அவளை ஒரு மரவேரில் உட்காரவைத்துவிட்டு, காலி டோலியோடு ஆள்கள் வந்த வழியே ஓடினார்கள். ஏற்றத்தில் அவ்வளவு கனத்தைத் தூக்கி வந்தவர்கள் ஓடுவதைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. மற்ற விருந்தாளிகள் பின்னால் வந்து, அவர்களைத் தாண்டிக் காட்டுக்குள் போனார்கள். நபிர்யே எழுந்து, கோலை ஊன்றி ஓடைவரை போனாள். அக்கரையில் செங்குத்தான ஏற்றம். அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

நபிர்யே திட்டுவாள் என்று ஒரிஷாபா காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த தேநீர் நபிர்யேயின் கையிலேயே ஆறியது. பனி இறங்கி மரங்களை மறைத்தது. எங்கோ மேலே, பனிக்குள், குழிந்த உள்ளங்கைகளை வேகமாகத் தட்டுவதுபோல ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

"அதா?" என்றாள் நபிர்யே.

"ஆமாம்மா. பெரிய ஆண் நெஞ்சுல தட்டிக்குது."

நபிர்யே மறுபடி அந்தச் சத்தம் வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. ஆறிய தேநீரைக் குடித்தாள்.

"நகத்தைப் பார்க்கலை. அதனால அந்த மனுஷன் சொன்னது பொய்தான். நான்தான் ஜெயிச்சேன்." சிரிக்க முயன்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆடை நுனியால் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் செய்தி வந்தது. அறுத்துத்தான் எடுத்தார்களாம், பெண் குழந்தை, இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் என்று மருத்துவச்சி தொடங்கியதை, கக்குரு ஒரிஷாபாவிடம் முழுதாகச் சொல்லவில்லை. நபிர்யே மறுநாள் ஜின்ஜாவுக்குத் திரும்பினாள். வண்டி கிளம்பும்போது கையசைத்தாளா, கண்ணாடியைத் துடைத்தாளா என்று ஒரிஷாபாவுக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. அந்தக் கவலையும் மற்றவற்றோடு சேர்ந்திருக்கிறது.

இப்போதெல்லாம் யாராவது டோலி கேட்டால், வனத்துறைக்குப் போன் போடுவதற்கு முன்னால் அவள் தன் வீட்டு வேலியருகே போய் நிற்கிறாள். மலையில் யாருக்கு எத்தனை மாதம் என்பது அதுஹைரேவுக்கு அத்துப்படி. வேலித் தகராறு இன்னும் தீரவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அதுஹைரே பதில் சொல்கிறாள்.

"இந்த மாசம் யாரும் இல்ல. தைரியமா தூக்கிட்டுப் போகச் சொல்லு. வேலிய மட்டும் மிதிக்காதே."