கோகிலா போடாத கையெழுத்து

வாடகைக் காரை இடித்து, செலவைப் புருஷன் தலையில் கட்டிவிட்டுக் கோகிலா போய்விட்டாள் என்று சொல்வது சுத்தப் பொய். அடுத்த வீட்டுப் பாப்பாயி சொன்னாள், குழாயடியில் நாலு பேர் தலையாட்டினார்கள் என்றால் அது நிஜமாகிவிடுமா? இடித்தது நிஜம். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அதைக் கோகிலா தன் வாயால் சொன்னாள். மற்றதெல்லாம் பேசுகிறவர்கள் சேர்த்துக்கொண்டது. பேசட்டும். நடந்தது என்னவோ அதுதான் நடந்தது.

கோகிலா மலைமேல் ஆலத்தூர் நாட்டுப் பெண். எட்டாவதோடு படிப்பு நின்றது. மாமன் மாணிக்கம் மரவள்ளி ஏற்றுகிற வண்டியில் கிளட்ச் மிதிக்கப் பழகினாள். சென்றாயனைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு லைசென்சும் எடுத்தாள். ஆள் கொஞ்சம் குட்டை. போர்வையை நாலாக மடித்து சீட்டில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் ஓட்டுவாள். அஞ்சு வருஷ மிளகில் தன் பங்கைச் சேர்த்து வைத்து ஒரு பழைய காரை வாங்கினாள். மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவில் யாருக்கு எந்த வளைவில் குமட்டும் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். வலி கண்டவளை முன்சீட்டில் சாய்த்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவாள். காசு வாங்கமாட்டாள், பலாப்பழம் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். இன்றைக்கு அவளைப் பற்றிப் பேசுகிறவர்களில் ரெண்டு பேர் அந்தக் காரில் போய்த்தான் பிள்ளை பெற்றார்கள். அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

மாமியார் பொன்னாயிக்கு நாமக்கல்லில் கண் ஆபரேஷன். கிழவியைக் கூட்டிவர வேண்டிய நேரம் பார்த்துக் கோகிலாவின் கார் கிளட்ச் போய்ப் பட்டறையில் நின்றது. கண்ணில் கட்டுப் போட்டவளைப் பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு வர மனசில்லை. சேந்தமங்கலத்தில் அவர்கள் வீட்டு மிளகை வாங்குகிற வியாபாரி அர்த்தனாரி ரெண்டு கார்களை வாடகைக்கு விடுகிறார் என்று தெரிந்து, ரெண்டு நாளைக்கு ஒன்றை எடுத்தாள். வண்டிக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். தன் காரின் இன்சூரன்ஸ் பேப்பரைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"எனக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்க. போன மாசந்தான் கட்டுனேன்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா, அது அவருக்குத்தான் வெளிச்சம்.

தன் பேப்பர் எந்த வண்டிக்கும் செல்லும் என்று கோகிலா நினைத்ததற்குக் காரணம் உண்டு. அவள் பிறந்த ஊரில் உழவுக்கு மாடு இரவல் வாங்குவார்கள். அந்த மாட்டுக்குக் காலில் அடிபட்டால், வாங்கினவன் தன் கட்டுத்தரையில் கட்டி, தன் தீவனத்தைப் போட்டு, மருந்து கட்டி, நடக்கவைத்துத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாடு யாருடையது என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். ஏர் பிடித்த கை யாருடையது என்றுதான் கேட்பார்கள். காருக்கும் அப்படித்தான் என்று அவள் எண்ணிவிட்டாள். ஸ்டீரிங் பிடிப்பது என் கை, என் கைக்குப் பேப்பர் இருக்கிறது, பிறகு என்ன பயம் என்று தைரியமாக ஏறி உட்கார்ந்தாள்.

திரும்பி வரும்போது நாற்பத்து மூன்றாவது வளைவில் ஒரு டூரிஸ்ட் வேன் ஹாரன் அடிக்காமல் அவள் பக்கத்தை அடைத்துக்கொண்டு எதிரே இறங்கியது. வேனில் மோதுவதா, சுவரில் உரசுவதா என்று யோசிக்கக்கூட நேரமில்லை. இடப்பக்கம் ஒடித்தாள். தடுப்புச் சுவரில் உரசிக் கதவு உள்ளே குழிந்தது, பக்கக் கண்ணாடி தெறித்துப் போனது. வேன் நிற்காமல் போய்விட்டது. பின்சீட்டில் படுத்திருந்த பொன்னாயி, "ஏன் கண்ணு நிறுத்திட்ட, ஊடு வந்திருச்சா?" என்று கேட்டாள். கிழவிக்கு ஒரு கீறல் கூட இல்லை.

மறுநாள் காலையிலேயே காரைக் கொண்டுபோய் அர்த்தனாரியிடம் விட்டு, இடித்ததைச் சொன்னாள். அங்கிருந்து நேராக இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனாள். அங்கே இருந்த அனுராதா என்ற பெண் பேப்பரையும், கோகிலா போனில் எடுத்து வைத்திருந்த, அடிபட்ட காரின் படத்தையும் பார்த்தாள்.

"அக்கா, இது உங்க காருக்கு எடுத்ததுங்க, உங்களுக்கு எடுத்ததில்ல. இதுல இருக்கிற நம்பர் வண்டிக்குத்தான் செல்லும். நீங்க வேற வண்டியில ஏறுனா இது உங்ககூட ஏறாது."

"ஓட்டுனது நானாச்சுங்களே?"

"யாரு ஓட்டுனாலும் அப்படித்தானுங்க. இடிச்ச வண்டிக்குன்னு தனியா ஒரு இன்சூரன்ஸ் இருக்கும், அதுலதான் கேக்கோணும்." படத்தை இன்னொரு தரம் பார்த்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா இது ஓன் போர்டுங்கக்கா, சொந்த ஓட்டத்துக்கான வெள்ளைப் பலகை. வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டற வண்டின்னா கருப்புப் பலகையில மஞ்சள் எழுத்து இருக்கோணும். சொந்த உபயோகம்னு எழுதிக் குடுத்துட்டு வாடகைக்கு விட்டது தெரிஞ்சா, கம்பெனி கையை விரிச்சிரும்."

அப்போதுதான் கோகிலாவுக்கு விளங்கியது. அவள் பேப்பர் வேறு வண்டிக்கு. அவர் பேப்பர் வேறு உபயோகத்துக்கு. ரெண்டையும் வைத்துக்கொண்டு ஒரு கதவைக்கூட நிமிர்த்த முடியாது. தான் நினைத்தது தப்பு என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் தப்பு அவளோடு முடிந்துவிடவில்லை.

மூணாம் நாள் அர்த்தனாரி மலையேறி வந்தார். டைப் அடித்த ஒரு தாள் கொண்டுவந்திருந்தார். கோகிலா தனக்குச் சொந்தக்காரப் பெண், வாடகை வாங்காமல் சும்மா ஓட்டக் கொடுத்தேன் என்று அதில் இருந்தது. கீழே அவள் கையெழுத்துப் போட்டால் கம்பெனி செலவை ஏற்கும், யாருக்கும் நஷ்டமில்லை. இல்லையென்றால் போலீசுக்குப் போவதைத் தவிர வழியில்லை என்றார். மிளகு பறிக்கிற காலம் வருகிறது, இந்த வீட்டு மிளகை வழக்கம்போலத் தானே எடுத்துக்கொள்ள ஆசைப்படுவதாகவும் சொல்லி வைத்தார். கொழுந்தன் சதீஷ்குமார் பேனாவைத் திறந்தே கொடுத்தான்.

"கதவை இடிச்சவ நான். நானே சரி பண்ணித் தாரேன்" என்றாள் கோகிலா. "ஆனா வாடகைக்கு எடுத்ததை இரவல்னு எழுதமாட்டேனுங்க."

"ஒரு கையெழுத்துல தேஞ்சா போயிருவ?" என்றார் அர்த்தனாரி.

"நாளைக்கு இதே வண்டியை வேறொருத்தன் எடுத்துட்டுப் போயி ஆளை இடிச்சா? அவனையும் சொந்தக்காரன்னு எழுதுவீங்களா? செத்தவங்க ஊட்டுல எந்தப் பேப்பரைப் புடிச்சுக்கிட்டு அழுவாங்க?"

வெள்ளிக்கிழமை வரைக்கும் கெடு வைத்துவிட்டு அவர் இறங்கிப் போனார். ஊர்ப்பேச்சு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. ஸ்டீரிங் பிடித்தவளுக்குக் கொழுப்பு என்றார்கள். அர்த்தனாரிக்கும் அவளுக்கும் என்னவோ என்றுகூடச் சொன்னார்கள். அவர் சொந்தக்காரி என்று எழுதக்கூட மாட்டேன் என்று நின்றவளைப் பார்த்து இந்தப் பேச்சு!

சென்றாயன் கெட்டவனில்லை. ஒரு நாளும் கை ஓங்கினதில்லை. போலீஸ் என்ற சொல்லுக்கு மட்டும் அவன் முதுகு வளைந்துவிடும். ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். வியாழக்கிழமை சாயந்திரம் சொன்னான்:

"கையெழுத்தைப் போட்டுட்டு ஊட்டுல இரு. இல்லீன்னா உங்கப்பன் ஊட்டுக்குப் போயிரு. ரெண்டுல ஒண்ணு."

"அவளை உடு சாமி" என்றாள் பொன்னாயி உள்ளேயிருந்து. "என்னை உசுரோட கொண்டாந்து சேத்தவ அவ." மகன் காதில் அது ஏறவில்லை.

கோகிலா அழவில்லை. அழுதாள் என்று சொல்கிறவர்களும் பொய்தான் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பு வேலையை முடித்தாள், கிழவிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள், ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தானே எழுதினாள். ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். என் கையால் இடித்தேன். கதவும் கண்ணாடியும் என் பொறுப்பு. இவருக்கும் எனக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. அடியில் பெயரை முழுசாக எழுதினாள். அதைச் சென்றாயன் கேட்க ஒரு தரம் வாசித்துக் காட்டினாள். சேந்தமங்கலத்து டிங்கரிங் பட்டறைக்காரரிடம் பேசியாகிவிட்டது, அவர் வண்டியை ஒரு மாசம் ஓட்டிக் கொடுத்தால் கதவை நிமிர்த்தித் தருவார் என்றும் சொன்னாள்.

"அப்ப முடிவு பண்ணிட்ட."

"நீங்கதானுங்க ரெண்டுல ஒண்ணுன்னீங்க."

மாற்றுச்சேலை ரெண்டு, லைசென்ஸ், அந்தத் தாள், அவ்வளவுதான் பையில். சென்றாயன் வாசற்படியில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். புருஷன் காலை எந்தப் பெண்டாட்டியும் தாண்டமாட்டாள் என்பது அவன் நினைப்பு. கோகிலா நகரச் சொல்லவில்லை, கெஞ்சவுமில்லை. சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை எடுத்து வைத்தாள். கடைசி நொடியில் அவன்தான் காலை மடக்கிக்கொண்டான். அவள் வெளியே இறங்கி, சேந்தமங்கலம் பஸ் நிற்கிற ரோட்டைப் பார்த்து நடந்தாள்.