மணி அடித்தால் எரியும் விளக்கு

வடிவுக்குக் காது மந்தமாகி இரண்டு வருஷமாகிறது. அலுவலகத்தில் காது மெஷின் மாட்டிக்கொள்வாள், தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் இரைச்சல் தாங்காமல் கழற்றி வைத்துவிடுவாள். அவளுக்குப் பிறகு வேலையிலிருந்து வரும் கணவர் சிவகுமார் மணியடித்துச் சலித்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். ஒரு மாலை குப்பை கொட்டக் கதவைத் திறந்தவள், சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

மணி அடித்தால் விளக்கு எரிகிற மாதிரி ஏதாவது செய்ய முடியாதா? பேச்சு எழுத்தாகவும் ஓடும் வீடியோக்களைத் தேடிப் பார்த்தாள். சனிக்கிழமை எலக்ட்ரானிக் சாமான் விற்கும் லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போனாள். ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர், சத்தத்தை உணரும் சின்ன போர்டு, ஒரு சிவப்பு விளக்கு எல்லாம் வாங்கினாள்.

"பேட்டே கே லியே?" மகனுக்கா என்று கேட்டார் கடைக்காரர்.

"மேரே லியே, பையா," எனக்குத்தான் என்றாள்.

முதல் நாளே சாப்பாட்டு மேசை விரிப்பு பொசுங்கியது.

"ஏட்டி, சோறு திங்குற எடத்துலயா ஈயத்த உருக்குத?" என்று கத்தினார் சிவகுமார். கத்திவிட்டு, பின்பக்கத்து பால்கனியில் துணிக்கொடியை அவிழ்த்து, பழைய மேசையொன்றைப் போட்டு, ஒயரும் இழுத்துக் கொடுத்தார்.

குளிர்காலம். சால்வைக்குள் விரல் விறைத்தது. ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடியது, ஒட்டியதுகூட மறுநாள் விட்டுப்போனது. அலுவலகம் விட்டு வந்ததும் அங்கேதான் இருந்தாள். ஒட்டு பளபளவென்று பிடித்தபோது யாரையும் கூப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போர்டை மணிக்குப் பக்கத்தில், கூடத்துச் சுவரில் பொருத்தினார்கள். சிவகுமார் வெளியே போய் அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விளக்கு எரிய, பேப்பரில் மூழ்கியிருந்த சிவகுமார் போய்க் கதவைத் திறந்தார். யாருமில்லை. உட்கார்ந்தார், மறுபடி எரிந்தது. மறுபடி ஓடினார். மூன்றாவது தடவை சமையலறையைத் திரும்பிப் பார்த்தவர் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"வாசல்ல ஒருத்தனுமில்லட்டி. குக்கர்லா விசிலடிக்கு!"

வடிவு விழுந்து விழுந்து சிரித்தாள். சத்தத்தை உணரும் அளவைக் குறைக்க போர்டின் திருகைத் திருப்பப் போனவள், பாதியில் நிறுத்தினாள். விசில் கேட்காமல் எத்தனை நாள் பருப்பைக் குழைய விட்டிருக்கிறாள்!

"இத வாசலுக்கு மட்டும் கொறச்சு வைக்கேன். குக்கருக்குத் தனியா பச்ச வெளக்கு ஒண்ணு பண்ணிருவோம்," என்றாள். "நீங்களும் மார்க்கெட்டுக்கு வாரியளா?"

"வாரேன். சாப்பாட்டப் போடு மொதல்ல," என்று கைஜாடையோடு சொன்னார் சிவகுமார்.