மரியமலருக்காகப் பூட்டிய வளையத் தட்டுகள்

சக்கரம் என்று வந்துவிட்டால் யோசேப்புக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒஸ்லோவில் ட்வெய்ட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு டயர்க் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை. வண்டி வாசலுக்குள் நுழையும்போதே எந்தச் சக்கரம் ஆடுகிறது என்று சொல்லிவிடுவார். முதலாளிகூடச் சக்கரம் சமன்பார்க்கும் இயந்திரத்தை விட்டுவிட்டு இவர் முகத்தைத்தான் பார்ப்பார். வீட்டில் மட்டும் மனிதருக்கு வாயே திறக்காது.

மனைவி மரியமலர் அதற்கு மேல். எதைக் கேட்டாலும் "பறவாயில்லை" என்பாள். எண்பதுகளின் கடைசியில் இருவரும் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில், மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார்கள். குளிரில் விரல் வீங்கிக் கத்தி பிடிக்க முடியாத நாளிலும் அவளுக்குப் பறவாயில்லைதான். அங்கேதான் முதல் பெண் குழந்தை பிறந்து, பதினோராம் நாள் இறந்தது. அந்த ஊர்ச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தவர்கள். பிறகு ஷரோன் பிறந்தாள், வேலை, பள்ளிக்கூடம் என்று வருடங்கள் ஓடின. ஒருநாளும் திரும்பிப் போகவில்லை.

2006 வசந்தத்தில், மரியமலருக்கு இருந்த புற்றுநோய் முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது என்றார் மருத்துவர். அன்று வீட்டுக்கு வந்ததும் மரியமலர் புருஷனிடம் முதல் தடவையாக ஒன்றைக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, எங்கட மூத்த பிள்ளையை ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவமே?"

விமானத்தில் நிமிர்ந்து உட்கார அவளால் முடியாது. யோசேப்பு பழைய கேரவன் ஒன்று வாங்கினார். காரின் பின்னால் கொளுவி இழுத்துப் போகலாம். மணிக்கொரு தரம் நிறுத்தி உள்ளே கட்டிலில் படுக்க வைக்கலாம். சுவீடன், பின்லாந்து வழியாக ஐந்து நாள் பயணம்.

மே மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெள்ளோட்டம் விட்டார்கள். வடக்கே போகும் பெருந்தெருவில் வேகம் எண்பதைத் தொட்டதும் கேரவன் நடுங்கியது. நடுக்கம் காருக்குள்ளும் வந்தது. பக்கத்தில் பார்த்தால், சாய்த்த இருக்கையில் மரியமலர் பொலபொலவென்று அழுதுகொண்டிருந்தாள்.

"பறவாயில்லை, ஓடுங்கோ," என்றாள்.

யார் நம்புவார்? பிள்ளைப்பேற்றின்போதுகூட அழாதவள். யோசேப்பு அடுத்த கிளைத்தெருவில் இறங்கிக் காரைத் திருப்பிவிட்டார். வீடு வரும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாளே கடையில் சக்கரங்களைக் கழற்றி, ஈயக்கட்டி வைத்துச் சமன்படுத்தினார். நடுக்கம் குறைந்ததே தவிரப் போகவில்லை. கோளாறு டயரில் மட்டுமல்ல, பிரேக் டிரம்மிலும் ஒரு பக்கம் பாரம் கூடியிருந்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். அமெரிக்காவில் கேரவன்காரர்கள் சக்கரத்துக்கும் டிரம்முக்கும் இடையில் ஒரு வளையத் தட்டைப் பூட்டுகிறார்களாம். வளையத்துக்குள் எண்ணெயும் சிறு குண்டுகளும் இருக்கும். சக்கரம் சுழல, குண்டுகள் பாரம் குறைந்த பக்கத்துக்கு ஓடிப்போய் ஆட்டத்தை அடக்கிவிடும். உடனே ஒரு சோடி அனுப்பச் சொல்லி எழுதினார். வந்த சோடியின் நடுத்துளை சிறிதாகப் போயிற்று. திருப்பி அனுப்பி அடுத்த சோடி வருவதற்குள் ஜூன் முடிந்துவிட்டது. தட்டின் தடிப்புக்கு ஏற்ற நீளமான போல்ட்டுகளுக்கு இன்னுமொரு வாரம்.

இடையில் மரியமலர் இரண்டு தடவை, "எப்ப போறம்?" என்று கேட்டாள்.

"பொறும் மலர். உமக்கு நோகாமல் கூட்டிக்கொண்டு போறன்."

அவளும் பறவாயில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை பூட்டினார். ஜாக்கியில் தூக்கி, டிரம்மின் முகத்தைக் கம்பித் தூரிகையால் துரு போகத் தேய்த்து, தட்டு எங்காவது உரசுகிறதா என்று கையால் சுழற்றிப் பார்த்து, போல்ட்டுகளை ஒன்றுக்கொன்று எதிராக இறுக்கினார். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் இறுக்கினார். நடுக்கம் மருந்துக்கும் இல்லை. காருக்குள் தன்னந்தனியாக இருந்து சிரித்தார், பாவி மனிதர்.

வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தபோது ஆம்புலன்ஸ் நின்றது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பத்தாம் நாள் மரியமலர் போய்ச் சேர்ந்தாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபிறகு, யோசேப்பு கீழே போய்க் கேரவன் படியில் உட்கார்ந்தார். ஷரோன் தேடி வந்து பக்கத்தில் இருந்தாள்.

"நான் இன்னும் கெதியாப் பூட்டியிருக்க வேணும்," என்றார் அவர். "அண்டைக்கு அந்தக் குலுக்கத்தில கொம்மாவுக்கு எவ்வளவு நொந்திருக்கும்."

"அப்பா, அம்மா அண்டைக்கு நோவில அழேல்லை."

"பின்னை?"

"பிள்ளையிட்டப் போறன் எண்ட சந்தோசத்தில அழுகை வந்திட்டுதாம். ஆஸ்பத்திரியில கிடக்கேக்கை எனக்குச் சொன்னவா. நீங்கள் காரைத் திருப்பினதுதான் அவவுக்கு நொந்ததாம்."

யோசேப்பு மகளின் பக்கம் திரும்பினார்.

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே?"

"ஏன் அழுறீர் எண்டு நீங்கள் கேக்கேல்லையாம்."

எழும்பப் பார்த்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் படியிலேயே இருந்துவிட்டார்.

"ஓம்," என்றார். "நான் கேக்கேல்லை."