சம்மாட்டியாரின் 'நோ'

"மே ஐ ரேர்ன் யூ, சேர்?"

புரட்டட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு யசிந்தா கட்டிலுக்கு அரை முழம் தள்ளி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கட்டிலில் கிடப்பவர் சிங்கராசா. பாரிசவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோனவர். படுக்கைப்புண் வராமலிருக்க அவரை அடிக்கடி புரட்டிக் கிடத்த வேண்டும். அதற்கென்றே அவருடைய மகள், யசிந்தாவை வேலைக்கு அமர்த்தியிருக்கிறாள்.

"நோ," என்கிறார்.

அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். யசிந்தா சன்னலடிக்குப் போய் நிற்கிறாள். தொடுவதற்கு முன் கேட்க வேண்டும், மாட்டேன் என்றால் விலகி நின்று பிறகு கேட்க வேண்டும் என்பது மன்னார் ரவுணில் அவள் படித்த பராமரிப்பு வகுப்பின் முதல் பாடம். பாடம் சற்றுக் கூடுதலாகவே இறங்கிவிட்டது. அலுமாரியைத் திறக்கும்போதும் வாய் "மே ஐ" என்கிறது. ஆடு சம்மதம் சொல்லாததால் தன் வீட்டில் பால் கறப்பதில்லை என்று அவள் கணவன் றொட்னி தாழ்வுபாடு ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

நாலு வள்ளங்களுக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியாக இருந்த காலத்தில் சிங்கராசாவைக் கேட்டுத்தான் வலை கடலில் இறங்கும். விழுந்த பிறகு அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை, யசிந்தாவைத் தவிர. கிடைத்த உத்தியோகத்தை அவர் விடுவதாயில்லை.

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லம் அவளுக்கு வேலை தரப் பார்த்தது; அவள் ஆங்கிலத்தில் கேட்டுப் பழகியது அதற்காகத்தான். அந்த இல்லமே ஸ்பொன்சராகப் பொறுப்பு நின்றால்தான் விசா. சுவர் லிண்டல் மட்டத்தோடு நிற்கும் அவள் வீட்டின் கூரை அந்த விசாவில் இருந்தது. ஸ்பொன்சர் என்றால் என்ன என்று சம்மாட்டியார் கேட்டபோது, ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் நிற்பதுபோல என்று விளக்கினாள்.

"ஞானத்தாய் இடையிலை ஓடிப்போனா?"

"ஓடமாட்டா. அவவுக்கு லைசன்ஸ் இருக்கு."

நேர்முகம் அவருடைய அறையிலேயே நடந்தது; அங்கேதான் கைபேசிக்கு சிக்னல் நிற்கும். குளிக்க மறுக்கும் முதியவரை என்ன செய்வாய் என்று திரையிலிருந்த வெள்ளைக்கார அம்மா கேட்டாள். விலகி நிற்பேன், சன்னலால் பார்ப்பேன், வலையில் மீன் பட்ட கதை சொல்வேன், பிறகு கேட்பேன், பிறகும் கேட்பேன் என்றாள் யசிந்தா. அந்த அம்மா சிரித்தாள். இதையெல்லாம் யார் பழக்கியது என்றாள். யசிந்தா 'மே ஐ' கேட்காமலே கைபேசியைக் கட்டில் பக்கம் திருப்பினாள். சம்மாட்டியார் கண்ணை மூடி நித்திரைபோலக் கிடந்தார்.

வேலை அவளுக்குத்தான் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். அன்று பின்னேரம் அவள் கேட்ட எதற்கும் அவர் நோ சொல்லவில்லை. யசிந்தா நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தாள்.

ஸ்பொன்சர் பத்திரம் வரவேண்டிய வெள்ளிக்கிழமை வேறு செய்தி வந்தது. இல்லத்தின் ஸ்பொன்சர் லைசன்ஸை அந்த நாட்டு அரசாங்கம் பறித்துவிட்டது. வேறு இல்லம் தேடிக்கொள்ளவும். வாழ்த்துகள்.

"ஓடிட்டா," என்றாள் யசிந்தா.

"ஆர்?"

"ஞானத்தாய்."

 

அடுத்த நாள் யசிந்தா வழக்கமான பஸ்ஸில் வந்தாள். கஞ்சி பருக்கினாள். முகம் துடைத்துவிட்டாள். பிறகு, "புரட்டட்டோ, சம்மாட்டியார்?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் தோளில் கையை வைத்தாள்.

"இங்கிலீசிலை கேள், பிள்ளை."

அவள் கையை எடுத்தாள். அரை முழம் தள்ளி நின்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நோ," என்றார்.

யசிந்தா சன்னலடிக்குப் போய் நின்றாள்.