காபி பழகாத வீட்டு மருமகள்

பித்தப்பையில் கல். எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, முந்தின நாளே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். சர்க்கரை உண்டா, அலர்ஜி உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "காபி, டீ எவ்வளவு குடிப்பீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"எங்கூட்டுப் பொம்பளைங்க காப்பி பழகறதில்லீங்க."

மாமியார் ஒன்று சொல்லிவிட்டால் வெளியாள் முன்னால் மருமகள் மறுத்துப் பேசுவதில்லை. என்ன எழவு மரியாதையோ. கணபதிப் பக்கம் இருக்கும் எங்கள் லேத் பட்டறையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை எதிர் பேக்கரிக் காபியில்தான் என் பொழுதே ஓடும். வாங்கித் தருபவரே என் வீட்டுக்காரர்தான். அன்றைக்கு அவரும் பக்கத்தில் நின்றார், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் தலை விண்விண்ணென்று தெறித்தது. அந்தத் தெறிப்பில் தையல் வலியும் சேர்ந்து ஏறியது. வலிக்கு ஊசி போட்டும் அடங்கவில்லை. இன்னொன்று கேட்டால், "இப்பத்தானேங்க போட்டோம், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள் நர்ஸ். என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் மாமியார், "எம்மருமகளுக்கு வலியே தாங்காதுங்க. நானெல்லாம் மூணு பெத்தேன்" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றினார். விருந்தாளிகளுக்குக் காபி, எனக்கு வாசனை. பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை அதே டாக்டரம்மா வந்து எங்கே வலி என்று கேட்டார். தலையைக் காட்டினேன்.

"காபி பழக்கம் இல்லைன்னீங்களே? தினமும் நிறையக் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா இப்படி வலிக்கும். மத்த வலியும் கூடுதலாத் தெரியும்."

கட்டிலைச் சுற்றி அதே சனம்.

"குடிப்பேனுங்க. எவ்வளவுன்னு எங்கூட்டுக்காரரைக் கேளுங்க" என்றேன்.

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். நான் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் தரையைப் பார்த்து, "நாள் பூரா குடிக்குமுங்க" என்றார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா இந்த அவஸ்தையே வேண்டாமே" என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். மருந்தை மாற்றி எழுதினார். காபியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் அவசரமாகப் பிளாஸ்க்கை எடுக்கப் போனார்.

"நீங்க இருங்க. அத்தை, நீங்க ஊத்திக் குடுங்க."

மாமியார் எழுந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஊற்றி, ஆற்றி, கொண்டுவந்து நீட்டினார். பாவம் என்று எனக்கு எள்ளளவும் தோன்றவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் குடித்தேன். தலைவலி விடுவதற்கு முன்பே மனசு குளிர்ந்துவிட்டது.

"சக்கரை பத்தலீங்க அத்தை" என்றேன்.

சொந்தம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து பைக்குள் சர்க்கரையைத் தேடினார்.