பலூனுக்கு அடித்த மொட்டை

மகளுக்குப் பதினோராம் மாதம் திருமலையில் மொட்டை என்று முடிவானதும் எனக்குத் தூக்கம் போயிற்று. அங்கே தலையில் வெறும் தண்ணீரைத் தடவித்தான் சிரைப்பார்கள். பெரியவர்களுக்குச் சரி. உச்சிக்குழிகூட மூடாத தலைக்கு? என் கணவர் தினமும் தாடையை நுரையில் ஊறவைத்த பிறகுதான் பிளேடை வைக்கிறார். கடவுளுக்குக் கொடுக்கும் முடிக்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா?

நானே நுரை கொண்டுபோவது என்று தீர்மானித்தேன். எம்.எஸ்சி. படித்தவள், செய்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். சித்தூரில் எங்கள் வீட்டுக் குளியலறையில், அவருடைய பிரஷையும் கிரீமையும் எடுத்து, ஒரு பலூனின் மேல் பயிற்சியைத் தொடங்கினேன்.

முதல் நாள் பிரஷைச் சொட்டச் சொட்ட எடுத்தேன். பெரிய பெரிய குமிழிகளாக வந்து முழங்கை வரை வழிந்தது. மறுநாள் பயந்துபோய்த் தண்ணீரே காட்டவில்லை. கிரீம் பிரஷிலேயே அப்பிக்கொண்டது. பிறகுதான் பிடிபட்டது. பிரஷை வெந்நீரில் ஊறவைத்து உதறவேண்டும். கிண்ணத்தில் பாதாம் அளவு கிரீம். அழுத்தாமல் வட்டமாகச் சுற்றவேண்டும். காய்ந்தால் இரண்டு துளி, மறுபடி சுற்று. பிரஷைத் தூக்கினால் நுரை கூம்பாக நிற்கவேண்டும். நான்காம் நாள் நின்றது. பெருமையில் பலூனைச் சிரைக்கப் போனேன். வெடித்தது.

சத்தம் கேட்டுக் கணவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா, பலூனுக்கு மொட்ட அடிச்சிக்கினு கீறியா? அது எந்தச் சாமிக்கு வேண்டிக்கிச்சி?"

"சிரிக்காதீங்க. நாளைக்கு உங்க பொண்ணு தல."

திருமலையில் மொட்டை அடிக்கும் கூடத்தில் எங்களுக்குக் கத்தி பிடிக்க வாய்த்தவள் என் வயதுப் பெண். கணவர் குழந்தையை மடியில் வைத்து என்னைப் பார்த்து உட்கார்ந்தார். நான் பையிலிருந்து பிளாஸ்க், கிண்ணம், பிரஷ், கிரீம் எல்லாவற்றையும் பரப்பி, அவசரமாக நுரையை எழுப்பினேன். கூம்பு நின்றது.

"இன்னாக்கா, கல்யாண மாப்பிள்ளைக்கு ஷேவிங்கா?" என்றாள்.

"பாப்பாவுக்கு. வெட்டுப்படாம இருக்கும்ல?"

கிண்ணத்தை வாங்கி முகர்ந்தாள். "ஐயோ, மெந்தால் வாசன. பிஞ்சுத் தலைக்கு எரியும்க்கா. நொர போட்டா முடி எங்க, தோலு எங்கன்னு எனக்குத் தெரியாது. தண்ணி போதும். புள்ள ஆடாம இருந்தா சரி."

டயப்பர் பாக்கெட்டின் பின்பக்கத்தை மூன்று முறை படிப்பவள் நான். கிரீம் டியூபைப் படிக்கவே இல்லை. அந்தச் சில்லென்ற வாசனையைச் சுத்தத்தின் வாசனை என்று நினைத்திருந்தேன். இன்னும் எதையெல்லாம் இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறேனோ என்று கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

தண்ணீர் பட்டதும் மகள் வீறிட்டுத் தலையை ஆட்டினாள். கணவர் இரண்டு கையாலும் பிடித்தும் நிற்கவில்லை. கத்தி தலைக்கு ஒரு விரல் மேலே காத்திருந்தது. "ஆடுனா கீறிப்புடும்க்கா" என்றாள் அந்தப் பெண்.

கையில் பிரஷ் இருந்தது. என் கன்னத்தில் இழுத்தேன்.

அழுகை நின்றது. மகள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். கத்தி இறங்கியது. நான் மறு கன்னத்துக்குப் போனேன்; பிறகு மோவாய், மீசை. நுரை தொய்ந்தால் அவள் தலை அசைந்தது. இரண்டு துளி விட்டேன், சுற்றினேன், கூம்பை நிறுத்தினேன், பூசினேன். பக்கத்து வரிசையில் ஒரு குடும்பமே "கோவிந்தா"வைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. கன்னம் திகுதிகுவென்று எரிந்தது. சுற்றுவதை நிறுத்தவில்லை.

இரண்டாவது காதுக்குப் பின்னால் கடைசியாக ஓர் இழுப்பு. "ஆச்சி" என்று கத்தியைத் துடைத்தாள். என் தாடியைப் பார்த்துச் சிரித்தாள். "உனுக்கும் மொட்ட டோக்கன் வாங்கினியாக்கா?"

பதில் சொல்லக் குனிந்தேன். மகள் கையை நீட்டி, என் மோவாயிலிருந்து ஒரு பிடி நுரையை அள்ளி, தன் புது மொட்டையில் பட்டென்று அப்பிக்கொண்டாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடினேன். கழுவிவிட்டு, உச்சியிலிருந்து பிடரி வரை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. நம்பாமல் மறுபடி தடவினேன். அவள் கூச்சத்தில் சிரித்தாள்.

கணவர் பையோடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அவ தல கீதுமா அங்கேயே. மொதல்ல உன் தாடியக் கழுவு."