எட்டு இடங்களும் ஒரு தொப்பியும்

அந்தத் தீவின் ஆட்டோக்காரருக்கு ஊரார் வைத்த பெயர் வட்டம். தீவைச் சுற்றிவர அரை மணி நேரம் போதும். அதையே ஒரு நாள் முழுக்க ஓட்டிக் காட்டும் திறமைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை. புவியியலில் பட்டம் வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான்.

"எட்டு இடம் சார். நிதானமா பாக்கலாம்" என்று படகுத்துறையிலேயே எங்களை மடக்கி ஏற்றினார். ஏறியதும் அண்ணன் தூங்கிவிட்டார். அண்ணியும் நானும் கலங்கரை விளக்கம் பார்த்தோம், சங்குக் கடை பார்த்தோம், உடைந்த கோட்டைச் சுவர் பார்த்தோம். பிறகு இன்னொரு கலங்கரை விளக்கம்.

"இது காலையில பாத்ததுதானே?"

"அது கிழக்கு வெளக்கு சார். இது மேக்கு."

இரண்டிலும் ஒரே ஜன்னலில் ஒரே நீலத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"பரவாயில்லையே தம்பி, படிச்ச படிப்பு வீணாப் போகல" என்றார் அண்ணி.

போகிற வழியில் ஒரு தொப்பிக் கடை. அங்கே மட்டும் ஆட்டோ நத்தையாகிவிடும். சாலையில் ஈ காக்கை இருக்காது. ஹாரன் மட்டும் அலறும். ஆனால் நிற்காது.

மதியம் டீ குடிக்க நிறுத்தினார். அண்ணி கடலைப் படம் எடுக்கப் போக, வட்டம் டயருக்குக் காற்றடிக்கப் போனார். டீக்கடைக்காரர் என் காதைக் கடித்தார்.

"தொப்பிக் கடை இவன் சம்சாரத்தோடது. தொறந்து மூணு வாரம் ஆச்சு, ஒண்ணுகூடப் போகல. இன்னைக்கும் விக்கலன்னா சாயங்காலப் படகுல அக்கா வீட்டுக்குப் போயி தையல் கம்பெனில சேரப் போறா. நீ ஆள் புடிச்சுட்டு வரக்கூடாது, வந்தா அது யாவாரமே இல்லன்னு இவன்கிட்ட சத்தியம் வேற வாங்கியிருக்கா. நீங்க வாயத் தொறந்துடாதீங்க."

எனக்கு இதைவிடக் கடுமையான தண்டனை கிடையாது.

மூன்றாவது சுற்று. மீண்டும் நத்தை, மீண்டும் ஹாரன். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். உச்சி வெயில்தான் எனக்கு உதவிக்கு வந்தது.

"ஏங்க, நிறுத்துங்க! மண்டை பொளக்குது, ஒரு தொப்பி வாங்கணும்!" என்று கத்தினார் அண்ணி.

"வடக்கு வெளக்கு இன்னும் பாக்கி இருக்கேம்மா..." என்று வட்டத்தின் வாய் மறுத்தது. கால் எப்போதோ பிரேக்கை மிதித்துவிட்டது.

அண்ணியின் தலைக்குத் தொப்பியை வைத்துப் பார்த்தபடியே கடைக்காரம்மா கேட்டார்: "அவரு கூட்டிட்டு வந்தாரா?"

என் வாய் திறந்தது. நல்லவேளை, அண்ணி முந்திக்கொண்டார்.

"அவரா? நிறுத்தவே மாட்டேன்னாரு! நான் கத்துன கத்துல எங்க வீட்டுக்காரரே முழிச்சுக்கிட்டாரு."

கடைக்காரம்மா வாசலுக்கு வந்தார். "ஏன்யா, தானா வர்ற ஆளக்கூட நிறுத்த மாட்டியா? நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"தப்புதான்... பெரிய தப்புதான்" என்றார் வட்டம், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

சாயங்காலப் படகில் அந்தம்மா ஏறவில்லை. படகுத்துறையில் தொப்பிகளைப் பரப்பிக்கொண்டு நின்றார். பக்கத்திலேயே வட்டம், படகிலிருந்து இறங்கியவர்களிடம் நாளைக்குச் சவாரி பேசிக்கொண்டிருந்தார்.

"ஒன்பது இடம் சார். நிதானமா பாக்கலாம்."

ஒன்பதாவது எது என்று கேட்க வாயெடுத்தேன். அண்ணி தொப்பியைக் கழற்றி என் முகத்தில் கவிழ்த்தார்.

"போதும் தம்பி, உங்க படிப்பு."